பத்துக்கு நாலு வாங்கிய பொங்கல்



பொங்கலுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. போன மாதம் மார்கழிக் கோலங்களைப் பற்றி எழுதியபோது, "அடுத்து சர்க்கரைப் பொங்கல் பற்றி எழுதுங்க டீச்சர்" என்று பலர் கேட்டீர்கள். செய்முறை கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதுவும் கடைசியில் வரும். அதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு இருக்கிறது. கூடவே நான் செய்த தப்பு ஒன்றும் இருக்கிறது. பதிவு நீளம்தான். என் வகுப்பில் முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தவர்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை.

நான் தாம்பரத்துக்கு வந்தது 1981இல். அவருக்கு ரயில்வேயில் வேலை, எனக்கு இங்கே ஒரு பள்ளியில் தமிழாசிரியை வேலை. சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நெல் தெரியும் ஊரிலிருந்து வந்தவளுக்கு, தாம்பரம் என்றால் ஸ்டேஷன், மார்க்கெட், மின்சார ரயில், வாடகை வீடு, இவ்வளவுதான். "அது என்ன ஊரா? இறங்கி ஏறுகிற இடம்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒவ்வொரு தை மாதமும் இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு ஓடிவிடுவோம். திரும்பும்போது அம்மா ஒரு சாக்குப் பை நிறையப் புது அரிசி கட்டிக் கொடுப்பார். இன்றைக்கும் அதே கூட்டம்தான். அப்போது எழும்பூரிலும் தாம்பரத்திலும் நின்றவர்கள், 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு அங்கே நிற்கிறார்கள். போகிக்கு முந்தின நாள் ஜி.எஸ்.டி. சாலையில் நிற்கிற வண்டிகளைப் பார்த்தால், பொங்கல் என்பதே தாம்பரத்தை விட்டு வெளியே போவதற்கான பண்டிகையோ என்று தோன்றும்.

விடுமுறைக்கு முன் வகுப்பில் நான் கேட்கும் கேள்வி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "பொங்கலுக்கு யார் யாரெல்லாம் ஊருக்குப் போறீங்க?" முக்கால்வாசிக் கைகள் உயரும். திண்டிவனம், விழுப்புரம், திருநெல்வேலி, ராமநாதபுரம் என்று ஊர்ப் பெயர்கள் வரும். கை தூக்காத பிள்ளைகளைப் பார்த்து, "பாவம், உங்களுக்கு ஊர் இல்லையா?" என்று வேறு கேட்பேன். ஒரு வருடம் பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "இதுதான் டீச்சர் எங்க ஊரு" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவன் ராஜகீழ்ப்பாக்கத்துப் பையன். 1987 ஜனவரி, எட்டாம் வகுப்பு. விடுமுறை முடிந்து வந்ததும் வழக்கம் போல 'பொங்கல் திருநாள்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். முன்னுரை, போகி, தைப்பொங்கல், மாட்டுப்பொங்கல், காணும் பொங்கல், முடிவுரை. நோட்ஸில் இருந்த இரண்டு குறள். நாற்பது நோட்டுகளும் ஒரே மாதிரி இருந்தன. அவனுடையது மட்டும், எங்கள் வீட்டில் இந்த வருடம் பொங்கல் பொங்கவில்லை என்று ஆரம்பித்தது.

அவன் எழுதியது என் நினைவில் இருக்கிறபடி இதுதான். ஏரிக்குக் கீழே அவர்களுக்கு முக்கால் காணி நஞ்சை இருந்தது. அதை மனை போட விற்றுவிட்டார்கள். களமும் அதோடு போயிற்று. ஆயா கடையில் வாங்கிய அரிசியில் பொங்கல் வைத்தார். பால்தான் பொங்கியது, அரிசி பொங்கவில்லை என்று ஆயா சொன்னார். சோறு குழையவே இல்லை. வெல்லம் போட்ட பிறகு ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாக நின்றது. ஆயா சாப்பிடவில்லை.

நான் 'ஆயா' என்ற சொல்லைச் சிவப்பு மையால் சுழித்துப் 'பாட்டி' என்று எழுதினேன். அடியில், 'தலைப்பை விட்டு விலகிவிட்டாய். பேச்சு வழக்கைத் தவிர்' என்று குறித்துப் பத்துக்கு நான்கு மதிப்பெண் போட்டேன். நோட்ஸை அப்படியே எழுதிய பிள்ளைக்கு ஒன்பது.

பதினாறு வருடம் அதை நான் நினைக்கவே இல்லை.

2003 பொங்கல். முந்தின வருடம் மழையும் பொய்த்தது, மேட்டூரிலும் தண்ணீர் இல்லை. டெல்டாவில் சம்பா போய்விட்டது. தம்பி போன் செய்து, "இந்த வருஷம் வர வேண்டாம்க்கா, வீட்டில் புதுநெல் இல்லை" என்றான். அந்த வருடம்தான் முதன்முதலாகத் தாம்பரம் வீட்டில் பொங்கல் வைத்தேன். மளிகைக் கடையில் "நல்ல பழைய பச்சரிசி" என்று கேட்டு வாங்கினேன். சாப்பாட்டுக்குப் பழைய அரிசிதானே நல்லது என்று எண்ணம். மொட்டை மாடியில் செங்கல் வைத்து, புதுப்பானை ஏற்றினேன். பால் பொங்கியது. அரிசி பொங்கவில்லை. எவ்வளவு நேரம் கிளறியும் குழையவில்லை. பானையைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, சிவப்பு மையில் சுழித்த அந்த 'ஆயா' கண் முன் வந்தார்.

அந்த வருடம்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். ஐம்பதை நெருங்கும் வயதில், தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு, சர்க்கரைப் பொங்கல் என்றால் என்ன என்றே தெரியவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

முதலில் அரிசி. அறுத்து ஆறு மாதம், ஒரு வருடம் ஆன அரிசி உள்ளுக்குள் இறுகிவிடும். வேகும்போது நிறையத் தண்ணீர் குடிக்கும், உதிரி உதிரியாக வரும். சாம்பார் சாதத்துக்கும் விருந்துக்கும் அதுதான் வேண்டும். புது அரிசி அப்படியில்லை. தண்ணீர் குறைவாகப் பிடிக்கும், சீக்கிரம் குழையும், ஒட்டும், கஞ்சியை நிறைய வெளியே விடும். அன்றாடச் சமையலில் இதெல்லாம் குற்றம். "புது அரிசி, குழைஞ்சு போச்சு" என்று சலித்துக்கொள்வோம். வயிற்றுக்கும் மந்தம் என்பார்கள்.

அந்தக் குற்றம் அத்தனையும் குணமாகிற ஒரே பதார்த்தம் பொங்கல். குழைய வேண்டும், ஒட்ட வேண்டும், கஞ்சி வெளியே வர வேண்டும். கஞ்சி கெட்டியாக இருந்தால் நுரை உடையாமல் நிற்கும், பானையின் வாயை மீறி வழியும். பானையில் அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீரை ஊற்றச் சொன்னார்களே நம் பாட்டிமார், அந்தக் கழுநீரிலும் இதே மாவுச்சத்துதான். அறுவடையான அன்றைக்கு வீட்டில் இருப்பது புது அரிசிதான். அதை எப்படிச் சமைத்தால் நன்றாக இருக்கும் என்று கண்டுபிடித்தவர்கள் வைத்த பெயர்தான் பொங்கல். ஆயா சொன்னது சரி. பால் எந்த நாளிலும் பொங்கும். அரிசி பொங்குவதற்குத்தான் தை பிறக்க வேண்டும்.

இன்றைக்கு இந்த வித்தியாசம் நமக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் குக்கர். ஆறு விசில் விட்டால் எந்த அரிசியும் குழைந்துவிடும். குக்கரைக் குறை சொல்லவில்லை, நானும் அதில்தான் வைக்கிறேன். ஆனால் அந்த விசிலில் ஒரு கேள்வி அடங்கிப் போனது.

அடுத்தது இந்த இனிப்பின் வயது. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து இந்திர விழாவில், காவல் பூதத்துக்குப் படைத்தவற்றில் பொங்கலும் ஒன்று. அங்கே அது இனிப்பு என்று சொல்லப்படவில்லை. இனிப்பாக நமக்குத் தெளிவாகத் தெரிவது ஆண்டாளிடம். நாச்சியார் திருமொழியில், திருமாலிருஞ்சோலைப் பெருமாளுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் நேர்ந்துகொள்கிறாள். பின்னாளில் இராமானுசர் அந்த நேர்ச்சையை நிறைவேற்றினார் என்பது வைணவ மரபு. அக்காரம் என்றால் சர்க்கரை, வெல்லம். அடிசில் என்றால் சோறு. நம் சர்க்கரைப் பொங்கலுக்கு அக்கா முறை. கரும்போ அதைவிடப் பழையது. அதியமானின் முன்னோர்தான் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று புறநானூற்றில் ஔவையார் சொல்கிறார்.

இன்னொரு சுவையான விஷயம். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் அமுதுபடிக்கு அளக்கச் சொல்வதைப் பார்த்தால் 'பழவரிசி' என்று வரும். கோயிலுக்குக் களஞ்சியம் உண்டு, வருடம் முழுவதும் பழைய அரிசி இருக்கும். களத்து மேட்டில் நிற்பவனுக்குப் பழைய அரிசி ஏது? மார்கழி முடியும்போது குதிர் காலியாக இருக்கும். அவன் சாமிக்குக் கொடுத்தது அன்றைக்கு அடித்த நெல்லைத்தான்.

இதையெல்லாம் படித்த பிறகும், இது டெல்டாவின் கதை, தாம்பரத்துக்கு என்ன வந்தது என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. அதை உடைத்தது ஊர்ப் பெயர்கள்தான். செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம். ஒவ்வொரு பாக்கத்துக்கும் ஓர் ஏரி. நமக்குக் காவிரி இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற வடகிழக்குப் பருவமழையைப் பிடித்து வைத்தால்தான் விவசாயம். அதற்காக வெட்டியவை இந்த ஏரிகள். ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்ததற்குப் போகும். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகளின் தண்ணீர் செம்பாக்கம் ஏரிக்கு வரும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகும். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததே, அதே பள்ளிக்கரணைதான்.

இவற்றைச் சும்மா வெட்டிவிட்டுப் போகவில்லை. நம் பழைய செங்கல்பட்டுச் சீமையில் இருந்த உத்திரமேரூரில், 10ஆம் நூற்றாண்டுப் பராந்தக சோழன் காலக் கல்வெட்டு, குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கிற வாரியங்களைச் சொல்கிறது. அதில் ஏரி வாரியம் தனியாக இருக்கிறது. வகுப்பில் குடவோலை முறையைப் பத்து வருடம் நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஓட்டுப் போட்டு ஆள் எடுக்கிற அளவுக்கு ஏரி ஏன் முக்கியம் என்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை. மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் அடுத்த முறை யோசித்துப் பாருங்கள். ஆயிரம் வருடத்துக்கு முன் இப்படி ஒரு கற்றளி எழும்ப வேண்டுமென்றால், சுற்றி எவ்வளவு நெல் விளைந்திருக்க வேண்டும்!

ஏரி நம்பிய பூமியில் பருவங்களுக்கும் தனிப் பெயர்கள். சித்திரையில் விதைத்து ஆடியில் அறுப்பது சொர்ணவாரி. மார்கழி, தையில் நட்டுக் கோடையில் அறுப்பது நவரை. நடுவில், மழையையும் ஏரியையும் நம்பி ஆடி, ஆவணியில் தொடங்கித் தையில் அறுப்பது சம்பா. தஞ்சாவூரில் பிறந்த நான் சொர்ணவாரி என்ற சொல்லையே தாம்பரத்துக்கு வந்துதான் கேள்விப்பட்டேன். என்ன அழகான பெயர்!

1763இல் ஆற்காட்டு நவாப் இந்தச் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பவர் ஊர் ஊராக அளந்து கணக்கு எடுத்தார். நிலம் எவ்வளவு, ஏரி எவ்வளவு, எத்தனை வீடு, யாருக்கு என்ன மானியம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. களத்தில் நெல்லை அளக்கும்போது, வீட்டுக்குப் போவதற்கு முன்பே கோயிலுக்கு, மதகைத் திறந்து மூடும் நீர்கட்டிக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். சுதந்திரம், மேரை என்று அதற்குப் பெயர். புதுநெல் என்பது ஒரு வீட்டின் சொத்தாக இருந்ததில்லை, ஊரே அதில் கை வைத்திருந்தது.

இதைச் சொல்லிவிட்டு, அந்தக் காலம் பொற்காலம் என்று முடித்தால் நான் மறுபடியும் நோட்ஸ் எழுதினவள் ஆவேன். சேற்றில் இறங்கி நட்டவர்களுக்கும் அறுத்தவர்களுக்கும் கிடைத்த பங்கு மிகச் சிறியது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர், இந்த மாவட்டத்தின் பறையர் மக்கள் எப்படி நிலமில்லாமல், மனைகூடச் சொந்தமில்லாமல் வைக்கப்பட்டிருந்தார்கள் என்று அரசுக்கு அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலம் என்று இன்றும் பேசுகிறோமே, அதற்கான 1892 அரசாணைக்கு அடிப்படை அந்த அறிக்கை. நெல்லைத் தலையில் சுமந்து களத்துக்குக் கொண்டுவந்த எத்தனையோ பேர் வீட்டில், தை முதல் நாளில் ஒரு கைப்பிடி வெல்லத்துக்கும் வழி இருந்திருக்காது. முக்கால் காணி நிலம் ஓர் ஆயா கைக்கு வர எத்தனை தலைமுறை ஆகியிருக்கும் என்று அப்போது எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. அதை விற்ற வருடத்தின் பொங்கலைத்தான் அந்தப் பிள்ளை எழுதினான்.

பிறகு வந்த கதை உங்களுக்குத் தெரியும். 1928இல் சானடோரியம் வந்தது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. 1937இல் கிறித்தவக் கல்லூரி ஊருக்குள்ளிருந்து இங்கே இடம் மாறியது. ரயில் வந்த இடத்துக்கு வீடு வரும், வீடு வந்தால் நஞ்சைக்கு விலை வரும். இன்னொரு பக்கம் அரிசியே மாறியது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்று ரேஷன் வந்தது. "அரிசிக்கு வரிசையில் நின்ற காலத்தில் சர்க்கரைப் பொங்கல் ஒரு தேக்கரண்டி அளவுதான், சாமிக்குக் காட்டி ஆளுக்கு ஒரு விரல் நக்குவோம்" என்று என் மாமியார் சொல்வார். 1966இல் ஐ.ஆர். 8 வந்தது. குறுகிய காலத்தில் நிறைய விளைந்தது, பசி தீர்ந்தது. அதை வாழ்த்தத்தான் வேண்டும். ஆனால் அதற்குப் பின் நெல் தைக்காகக் காத்திருக்கவில்லை. எந்த மாதமும் எங்கோ அறுவடை, கடையில் எப்போதும் அரிசி. அரிசிக்கு வயது உண்டு என்பதே மறந்துபோனது.

ஏரிகள் சில இன்னும் இருக்கின்றன. ஆயக்கட்டு இல்லை. பாசனத்துக்கு வயல் இல்லாத மதகைப் பார்க்கும்போது, பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடம் போல இருக்கும். 2015 டிசம்பர் 1 ராத்திரி நினைவிருக்கிறதா? மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை என்றார்கள். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பக்கத்து வீட்டுப் பையன், "ஏரி உடைஞ்சு ஊருக்குள்ள வந்துடுச்சு ஆன்ட்டி" என்றான். எதிர் வீட்டுத் தாத்தா, "ஏரிக்குள்ள நாம வந்துட்டோம்பா" என்றார்.

நானும் அப்படி வந்தவள்தான். ஆனால் வந்தவர்கள் இந்த ஊருக்கு ஆக மாட்டார்களா என்று கேட்டால், அதற்கும் பொங்கல் பானையே பதில் சொல்கிறது. நெய்யில் வறுத்துப் போடுகிறோமே முந்திரி, அது பிரேசில் நாட்டு மரம். போர்ச்சுக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தது. ஆண்டாளின் அக்கார அடிசிலில் முந்திரி இருந்திருக்க வழியில்லை. பொங்கல் குழம்பில் போடுகிற சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. பரங்கிக்காய்க்குப் பெயரிலேயே பரங்கி இருக்கிறது. நம் மின்சார ரயில் நிற்கிற பரங்கிமலைக்கு எந்தப் பரங்கியரால் அந்தப் பெயரோ, அதே பரங்கியர்தான். மொச்சையோடும் அவரையோடும் சேர்ந்து கொதித்து, இன்று அது இல்லாமல் பொங்கலே இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் ஒன்று. முந்திரியும் பரங்கியும் வந்து சேர்ந்தன. அரிசியை வெளியே தள்ளவில்லை.

இப்போது அந்தப் பையனிடம் வருகிறேன். போன ஐப்பசியில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை மாற்ற ஆள் தேடியபோது, கடைக்காரராக வந்து நின்றவன் அவனே. தலை பாதி நரைத்துவிட்டது. "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்றான். தெரியாமல் என்ன? தயங்கித் தயங்கி அந்தக் கட்டுரையைப் பற்றிக் கேட்டேன். மன்னிப்புக் கேட்கிற எண்ணத்தில்தான்.

"கட்டுரையா? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல டீச்சர். நீங்க ஸ்கேலால கையில போட்டதுதான் ஞாபகம் இருக்கு" என்று சிரித்தான்.

முப்பத்தெட்டு வருடத்துத் தப்பை ஒரே நிமிடத்தில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டான். எனக்கு ஆறுதலும் இல்லை, ஏமாற்றமும் இல்லை, என்னவோ போல இருந்தது. பிறகு, "உங்க ஆயா பொங்கல் எப்படி வைப்பாங்க?" என்று கேட்டேன். தொட்டியை மறந்துவிட்டு அரை மணி நேரம் பேசினான். அவன் சொன்னதை எழுதிக்கொண்டேன்.

களத்தில் மூன்று மண்கட்டி அடுப்பு. எரிக்கப் பனையோலை, தென்னை மட்டை. ஆயாவின் பொங்கலில் பருப்பு கிடையாது. "பருப்பு கடையில வாங்கணும் இல்ல? அன்னிக்குக் கடைப் பொருள் எதுவும் ஆகாது அதுக்கு." முந்திரியும் கிடையாது. தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி நெய்யில் சிவக்க விடுவார். இனிப்புக்கு முந்தின கோடையில் காய்ச்சிப் பானையில் வைத்திருந்த பனைவெல்லம். ஏலக்காய்க்குப் பதில் தட்டிய சுக்கு. கழுநீரில் பாதி, பாலில் பாதி. பொங்கும்போது எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்ப்பார். கிழக்கே வழிந்தால் நல்லது. வடக்கே வழிந்தாலும் நல்லது. மேற்கே வழிந்தால், "அப்பவும் நல்லதுன்னுதான் சொல்லும் டீச்சர்."

அந்தக் களம் எங்கே என்று கேட்டேன். இப்போது அது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம். அவனே அந்தக் கட்டடத்துக்கு மணலும் செங்கல்லும் கொடுத்திருக்கிறான்.

கேட்டவர்களுக்காகச் செய்முறை. ஒரு டம்ளர் புதுப் பச்சரிசி, கால் டம்ளர் வறுத்த பாசிப்பருப்பு. (ஆயா மன்னிப்பாராக, எனக்குப் பருப்பு இல்லாமல் ஆகாது.) நான்கு டம்ளர் தண்ணீர், ஒரு டம்ளர் பால். பழைய அரிசி என்றால் இன்னும் ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும். அரிசி விரலால் நசுக்கினால் மசிகிற வரை வெல்லத்தைக் கிட்டே கொண்டுவராதீர்கள். இனிப்பு சேர்ந்துவிட்டால் அதற்கு மேல் அரிசி வேகாது. வெல்லம் ஒன்றரை டம்ளர், தித்திப்பு அதிகம் வேண்டுவோர்க்கு இரண்டு. கரைத்து வடிகட்டிக் கொதிக்க வைத்து, பால் நன்றாக வற்றிய பிறகு சேருங்கள். முன்னால் சேர்த்தால் பால் திரியும். கடைசியில் நெய், தேங்காய்ப் பல், முந்திரி, ஏலக்காய் அல்லது சுக்கு. அரிசிக் கடையில் "புது அரிசி இருக்கா?" என்று கேளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பரவாயில்லை, கேளுங்கள்.

இந்த வருடம் நான் எங்கும் போகவில்லை. மதுராந்தகம் பக்கம் ஏரிப் பாசனத்தில் பயிர் வைக்கிற ஒரு பழைய மாணவி, முதல் அறுப்பில் ஐந்து கிலோ தருவதாகச் சொல்லியிருக்கிறாள். நம் செங்கல்பட்டு மாவட்டத்து நெல், நம் மழையில் விளைந்தது. மொட்டை மாடியில் காலை ஆறரைக்குப் பானை ஏற்றுகிறேன். ஊருக்குப் போகாதவர்கள் வரலாம். போகிறவர்கள் பத்திரமாகப் போய் வாருங்கள், அங்கே உங்கள் பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த நெல், எந்தத் தண்ணீர், எந்த வெல்லம், எந்தப் பக்கம் வழிந்தால் நல்லது என்று எல்லாவற்றையும் கேளுங்கள். திரும்பி வந்து எனக்கு எழுதி அனுப்புங்கள்.

ஆயா என்றே எழுதலாம். அப்பத்தா, அம்மாச்சி, அவ்வா என்றும் எழுதலாம். முன்னுரை, முடிவுரை வேண்டாம். மதிப்பெண் போட மாட்டேன்.

பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் தமிழ் டீச்சர்
தாம்பரம்